வயிற்றுக்குள் மண்டை எலும்பு!

புதுச்சேரியில் தலையில் பலமாக அடிபட்டவரைப் பெரும்பாலும் கோரிமேட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. 1964-ல் ஜிப்மர் ஆயிற்று. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக்காரர்களும் அங்கே வருகிறார்கள்.

அடிபட்ட மூளை வீங்கும். மண்டை ஓடோ மூடிய பெட்டி. வீங்க இடம் ஏது? அதனால் டாக்டர்கள் ஓட்டில் ஒரு பெரிய துண்டை அறுத்து எடுத்து விடுகிறார்கள். மூளைக்கு இடம் கிடைக்கிறது. உயிர் பிழைக்கிறது.

எடுத்த எலும்பு எங்கே போகிறது தெரியுமா? சில இடங்களில் குளிர்ப்பெட்டிக்குப் போகும். பல இடங்களில் அதே நோயாளியின் வயிற்றுக்குப் போகும்! வயிற்றுத் தோலுக்கு அடியில் பை போலக் கீறி, எலும்பை உள்ளே வைத்துத் தைத்து விடுவார்கள். வீக்கம் வடிந்ததும், சில வாரமோ சில மாதமோ கழித்து, எடுத்து மறுபடி தலையில் பொருத்துவார்கள். சொந்த எலும்பு, விலை கிடையாது.

எல்லாருக்கும் இது நடப்பதில்லை. எலும்பு நொறுங்கியிருக்கலாம். சீழ் பிடிக்கலாம். பொருத்திய பிறகு கரைந்தும் போகலாம். அப்போது வேறு தகடு வேண்டும்.

"இருப்பதிலேயே பலமானதைப் போடுங்கள், டாக்டர்!" என்கிறார்கள் வீட்டார். பாசத்தில் கேட்கிற கேள்விதான். ஆனால் பலம் என்பது ஒரே விஷயம் அல்ல.

எது பலம்?

டைட்டானியம் உலோகம் எலும்பைப் போல ஐந்தாறு மடங்கு விறைப்பானது. சுலபத்தில் உடையாது. ஆனால் வலை போன்ற மெல்லிய தகட்டின் மேல் பலத்த அடி விழுந்தால், அது உள்பக்கமாக நசுங்கி அப்படியே நின்றுவிடும். எலும்பு சிமெண்டு என்று ஒன்று உண்டு. பொடியும் திரவமும் குழைத்தால் சில நிமிடத்தில் இறுகும் பிளாஸ்டிக் அது. விலை குறைவு. ஆனால் அடி விழுந்தால் சில்லு சில்லாக உடையலாம்.

இயற்கை செய்த வேலையைப் பாருங்கள். கிராமத்தில் மண் சுவர் வைக்கும்போது வைக்கோல் கலந்து மிதிப்பார்கள். மண் தாங்கும், வைக்கோல் பிளவைப் பிடித்து நிறுத்தும். எலும்பும் அப்படித்தான். சுண்ணாம்புச் சத்து மண் என்றால், அதனுள் ஓடும் நார் வைக்கோல். போதாததற்கு மண்டை ஓட்டில் இரண்டு கெட்டித் தளங்கள், நடுவில் கடற்பஞ்சு போன்ற எலும்பு.

இதே வித்தையைத்தான் கலப்புப் பொருள் தகடுகளில் செய்கிறார்கள். பின்லாந்து நாட்டில் துர்க்கு நகரத்தின் பல் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதில் முன்னோடிகள். பல் அடைக்கும் பிசினில் கண்ணாடி நூல் வைத்துத் தகடு செய்தார்கள். எலும்பு வளர உதவும் ஒரு வகைக் கண்ணாடித் துகளையும் சேர்த்தார்கள். விறைப்பு எலும்பை ஒட்டி வருகிறது. பிளவு விழுந்தாலும் நூல் பிடித்து நிறுத்தும்.

இதிலும் ஒரு சங்கதி. நூலும் பிசினும் ஒட்டிய இடத்தை ஈரம் மெல்ல மெல்லத் தளர்த்தும். உடம்புக்குள் எப்போதும் ஈரம்தானே! ஆகவே உலர்ந்த துண்டை எந்திரத்தில் அழுத்திப் பார்த்து எழுதிய எண் போதாது. முழுத் தகட்டையும் நீரில் ஊற வைத்து, திருகு மாட்டி, மேலே எடையைப் போட்டுச் சோதித்த கணக்கு வேண்டும். எந்தக் கம்பெனியானாலும் அதைக் காட்டத்தான் வேண்டும்.

ஹெல்மெட் போட்டிருந்தால் பல பேருக்கு இந்தத் தகட்டுப் பேச்சே வராது. புதுச்சேரியில் 2019-ல் ஹெல்மெட்டே அரசியல் சண்டை ஆயிற்று. உடனே கட்டாயம் என்றார் கவர்னர் கிரண் பேடி. முதலில் பிரசாரம் என்றார் முதலமைச்சர் நாராயணசாமி. தார் ரோட்டுக்கு இந்த வழக்கெல்லாம் தெரியாது.

காத்திருக்கும் தலை

தகடு வைக்கும் வரை அந்த இடத்தில் மூளைக்கு மேல் உறையும் தோலும்தான் காவல். சிலருக்குத் தோல் குழிந்து தலைவலி, மயக்கம் வரும். கை கால் தளர்வதும் உண்டு. பஸ்ஸில் யார் முழங்கை படுமோ என்று பயம். குழந்தை ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ள முடியாது.

அளவெடுத்துச் செய்யும் உயர்ரகத் தகட்டின் விலை லட்ச ரூபாயைத் தாண்டுவது சகஜம். கூலி வேலைக்காரர் எங்கே போவார்? நகையை அடகு வைத்து, கடன் வாங்கிப் பணம் சேர்ப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். எட்டாத விலையில் உள்ள பலமான தகட்டுக்காகக் காத்திருப்பதைவிட, கையில் கிடைக்கும் சாதாரணத் தகட்டைக் காலத்தில் வைத்துக்கொள்வது மேல். டாக்டர்கள் இதைத் தமிழில், விலையோடு, கையெழுத்து வாங்குவதற்கு முன்பே வீட்டாருக்கு விளக்க வேண்டும்.

2017-ல் மத்திய அரசு இருதய ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தது. அதே ஆண்டு செயற்கை முழங்காலுக்கும் வைத்தது. மண்டை ஓட்டுத் தகட்டுக்கும் அப்படி ஒரு விலை வைப்பதில் என்ன கஷ்டம்?