வெங் வெங்குக்குச் சேர வேண்டியது

1981இல் பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்ட ‘ஃபார் யுவர் ஹைட் ஒன்லி’ படத்தை இன்று தேடிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சிரிப்பதற்காகவே பார்க்கிறார்கள். அதே ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் பெயரைத் திரித்துப் பெயர் வைத்து, குறைந்த செலவில் எடுத்த உளவாளிப் படம் அது. நாயகன் ஏஜென்ட் 00. அந்த வேடத்தில் நடித்த வெங் வெங்கின் உயரம் 2 அடி 9 அங்குலம். சிரிக்க வைக்கத்தானே எடுத்தார்கள் என்பார்கள். சரி, எடுத்தார்கள். அதில் உழைத்த மனிதருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமல் சிரித்துவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோடம்பாக்கத்தில் பிறமொழிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துப் பிழைத்தவன் நான். கதாநாயகன் குரலெல்லாம் இல்லை. அடியாள், போலீஸ்காரர், கூட்டத்தில் ஒருவன் என்று பிட் வாய்ஸ்தான். அதனால் எந்தப் படம் பார்த்தாலும் என் கவனம் முதலில் குரலுக்குத்தான் போகும். உலகம் முழுக்கச் சுற்றியது இந்தப் படத்தின் ஆங்கில டப்பிங். அதில் வில்லனின் ஆட்கள் பழைய ஹாலிவுட் கொள்ளைக்கூட்டப் படங்களில் வருகிறவர்களைப் போலப் பேசுகிறார்கள். வெங் வெங்கின் வாயசைவுக்கு வேறு யாரோ பேசுகிறார். குரல் போனால் நடிப்பில் பாதி போய்விடும் என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அந்நிய நாட்டு ரசிகர்கள் பார்த்தது அவருடைய மிச்சப் பாதியைத்தான்.

அந்தப் பாதியே படத்தைத் தாங்குகிறது. ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். வெள்ளை கோட்டும் சூட்டுமாக அவர் தரையில் வழுக்கிக்கொண்டே போய்த் துப்பாக்கியால் சுடுவார். உயரமான ஆட்களின் கால்களுக்கு நடுவே புகுந்து அவர்களைச் சாய்ப்பார். முதுகில் ஜெட் கட்டிக்கொண்டு பறப்பார். அடி வாங்குகிறவர் எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பது அடிப்பவரின் உடலைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். அவருடைய நேரக்கணக்கு எங்கும் பிசகவில்லை. சிறுவயதிலேயே தற்காப்புக் கலை கற்றவர் அவர். இயக்கிய எட்டி நிகார்ட்டும் சண்டைக் கலைஞராக இருந்து வந்தவர். காசு இல்லாத படத்தில் ஆளின் உடல்தான் மூலதனம். அதை முழுக்கப் போட்டவர் வெங் வெங். அவரைக் கேலிப்பொருளாக மட்டும் பார்ப்பவர்கள் சண்டைக் காட்சியைப் பார்க்கத் தெரியாதவர்கள் என்றே சொல்வேன்.

1982 ஜனவரியில் மணிலாவில் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. அதிபரின் மனைவி இமெல்டா மார்க்கோஸ் முன்னின்று நடத்திய விழா. அதற்காக இரவும் பகலும் அவசர அவசரமாக எழுப்பிய திரைப்பட மையத்தில் 1981 நவம்பர் 17ஆம் தேதி சாரம் சரிந்து, தொழிலாளர்கள் ஈரச் சிமென்ட்டில் புதைந்து இறந்தார்கள். அப்படியும் விழா நிற்கவில்லை. லினோ ப்ரோக்கா போன்றவர்கள் சேரிகளின் வாழ்வைப் படமாக்கிக் கான் விழா வரை போயிருந்த நாடு அது. ஆனால், அந்த விழாவில் வெளிநாட்டு வாங்குநர்கள் பணம் கொடுத்து அள்ளிப்போனது இந்த இரண்டே முக்கால் அடி உளவாளியைத்தான். சூட்டோடு சூடாக ‘தி இம்பாசிபிள் கிட்’ என்று அடுத்த படமும் வந்தது.

இந்த வியாபாரத்தில் அவருக்கு எவ்வளவு வந்தது? ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ லீவோல்ட் அவரைத் தேடி மணிலாவுக்குப் போய் எடுத்த ‘தி சர்ச் ஃபார் வெங் வெங்’ ஆவணப்படம் 2013இல் வந்தது. அதில் அவருடைய அண்ணன் பேசுகிறார். கைக்கு வந்தது சொற்பம் என்பதே குடும்பத்தார் சொல்லும் கதை. எர்னெஸ்டோ டி லா க்ரூஸ் என்ற இயற்பெயர் கொண்ட அந்த மனிதர், 1992 ஆகஸ்ட் 29 அன்று, 35 வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு, வறுமையில் இறந்தார். கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. சாதனைப் புத்தகம் சோறு போடாது.

அதே கின்னஸில் இடம்பிடித்த இன்னொருவர் நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறார். 2005இல் ‘அத்புத த்வீப்’ மலையாளப் படத்தில் நாயகனாக நடித்த அஜயகுமார், நாம் ‘கின்னஸ் பக்ரு’ என்று அறிந்தவர். தமிழில் ‘டிஷ்யூம்’ படத்திலும் நடித்திருக்கிறார். 2013இல் படம் இயக்கினார். 2019இல் ‘ஃபேன்ஸி டிரஸ்’ படத்தைத் தானே தயாரித்தார். உயரத்தில் வெங் வெங்கைவிடக் குறைந்தவர்தான். கேமராவுக்குப் பின்னாலும் நிற்கும் உரிமையைப் பெற்றதால்தான் அவர் கதை வேறு விதமாகப் போனது. அந்த உரிமையை அவர் போராடிப் பெற்றார். எல்லாரும் அப்படிப் போராடித்தான் பெற வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை.

உயரம் குறைந்தவர்களை ஒரு பாட்டுக்கு, ஒரு உதைக்கு, ஒரு சிரிப்புக்கு என்று கூப்பிட்டு அன்றாடக் கூலி கொடுத்து அனுப்புவதை நம் படப்பிடிப்புத் தளங்களிலும் பார்த்திருக்கிறேன். இன்று அவர்கள் தலைகாட்டிய படம் பல மொழிகளில் டப்பிங் ஆகி, செயலிகளில் வருடக்கணக்கில் ஓடுகிறது. அந்த ஒரு நாள் கூலி அப்படியேதான் நிற்கிறது. தயாரிப்பாளர் சங்கமும் நடிகர் சங்கமும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. ஒரு நாள் வேடமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கட்டும். படம் வேறு மொழிக்கு விற்கப்பட்டால் அவர்களுக்கும் ஒரு பங்கு போகட்டும். பெயர்ப் பட்டியலில் அவர்களுடைய சொந்தப் பெயரைப் போடுங்கள்.