மடியில் கனம், வழியில் பயம்

வழியில் போகிறவரைப் போலீஸ் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னால், பார்த்துக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தவறாக நினைப்பதில்லை. “மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்” என்ற பழமொழியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே இருக்கும் அனுப்பம்பட்டு போன்ற ஊர்களில் இந்தப் பேச்சு எளிதில் எடுபடும். ஆந்திர எல்லை பக்கம். எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டியும் ரயிலிலும் கஞ்சா வருவதும், பிடிபடுவதும் வாடிக்கைச் செய்திகள். பிள்ளைகளைப் பற்றிய பெற்றோரின் அச்சம் உண்மையானது. அந்த அச்சத்திலிருந்து எட்டப்படும் முடிவுதான் பிழை. தப்பு செய்யாதவருக்குச் சோதனையால் இழப்பு எதுவும் இல்லை என்ற நம்பிக்கை சட்டத்துக்கும் பொருந்தாது, நடப்புக்கும் பொருந்தாது.

முதலில் சட்டம். காரணம் எதுவும் இல்லாமல் நடந்து செல்பவரை நிறுத்திச் சட்டைப்பையைத் துழாவும் பொது அதிகாரம் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இல்லை, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இல்லை. சோதனை ஆணையின்றி ஓர் இடத்தைச் சோதனையிடும் அதிகாரி அதற்கான காரணத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். புதிய சட்டத்தின் 105ஆவது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம், அதுவும் கண்ணியம் குலையாமல். மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கும் போலீஸ்காரர் சீருடையில் இருக்க வேண்டும்.

கஞ்சாவைப் பிடிப்பதற்கென்றே இயற்றப்பட்ட 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மிகக் கடுமையானது. அதுவும்கூட, நம்புவதற்குக் காரணம் இருந்தால்தான் பொது இடத்தில் ஒருவரை நிறுத்திச் சோதிக்கலாம் என்கிறது. அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மேஜிஸ்திரேட் முன்னிலையில் உடல் சோதனை நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை 50ஆவது பிரிவு தருகிறது. அந்த உரிமையைச் சம்பந்தப்பட்டவருக்கு எடுத்துச் சொல்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2010இல் உறுதிசெய்தது. சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இல்லாமல் சோதனையிடும் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது 58ஆவது பிரிவு. மக்கள் சாதாரணம் என்று கடந்துபோகும் ஒன்றை நாடாளுமன்றம் குற்றம் என்று எழுதிவைத்திருக்கிறது.

இந்த நடைமுறைகள் குற்றவாளிக்குத்தான் உதவும் என்பாரும் உண்டு. நீதிமன்றத்தில் நடப்பது வேறு. 50ஆவது பிரிவை மீறி நடந்த உடல் சோதனையில் கிடைத்த பொருளை மட்டும் வைத்துத் தரப்படும் தண்டனை நிற்காது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கடத்தல்காரரைத் தப்பவிடுவது குறுக்குவழியில் நடக்கும் சோதனைதான்.

இனி, நிறுத்தப்படுவது யார் என்ற கேள்வி. இரவு ரோந்துக்குச் சந்தேகம் தருபவர் இருட்டில் நடமாடுபவர். பழவேற்காடு ஏரியை நம்பிய ஊர்களில் இருட்டில் நடமாடாமல் பிழைப்பு இல்லை. மீனும் இறாலும் நண்டும் விடிவதற்குள் கரையேறி ஏலத்துக்குப் போக வேண்டும். கையாலேயே இறால் பிடிக்கும் இருளர்களுக்கு நீர்மட்டம்தான் கடிகாரம். வழியில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் ஏலம் முடிந்துவிடும், சரக்கின் விலை இறங்கிவிடும். மடியில் கனமே இல்லாதவர் அடையும் இழப்பு இது. இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகத் தடை, 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் வந்த கடலோரப் பாதுகாப்பு ஒத்திகைகள், அடையாள அட்டைச் சோதனைகள் என்று இந்தக் கரை மக்கள் ஏற்கெனவே மற்றவர்களைவிட அதிகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆவது பிரிவு, மறைந்து நடமாடுவதாகத் தோன்றுபவரிடம் நன்னடத்தைப் பிணை கேட்க வழிசெய்தது. புதிய சட்டத்திலும் அது 128ஆவது பிரிவாகத் தொடர்கிறது. ‘சந்தேக கேஸ்’ என்று ஸ்டேஷன்களில் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான். பிறப்பையே குற்றமாக்கிய 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது. சட்டம் நீங்கி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆளின் தோற்றத்தையும் சாதியையும் குடியிருப்பையும் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் அதோடு நீங்கவில்லை. சோதனை என்ற பெயருக்குள் எவ்வளவு கொடுமை அடங்கும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடி அந்த மலையடிவார ஊருக்குள் நுழைந்த 269 வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அந்த ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு வர 2011 ஆனது.

கடலுக்கு அப்பால் தமிழர்கள் இதை இனமாகவே அனுபவித்தார்கள். கொழும்புச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையில் இருந்த பெயரும் பிறந்த ஊருமே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தன. 2007 ஜூன் 7 அன்று, தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி, விடுதிகளிலிருந்த 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே இலங்கை உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, பின்னர் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். ஒளிக்க எதுவும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்ற அதே வாதத்தை அங்கே தமிழர்கள் ஏற்கவில்லை. இங்கே இருளரையும் வடமாநிலத் தொழிலாளியையும் நோக்கி அதையே சொல்வது நியாயமாகாது.

தக்க காரணமில்லாமல் ஆட்களை நிறுத்துவதால் குற்றமாவது குறைகிறதா? இதற்குக் கணக்கு வைத்திருந்த நகரம் நியூயார்க். 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை அங்கே 44 லட்சம் முறை ஆட்கள் நிறுத்தப்பட்டனர். 88 விழுக்காட்டில் மேல்நடவடிக்கை எடுக்க எதுவும் இருக்கவில்லை. நிறுத்தப்பட்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். அது அரசமைப்புக்கு விரோதம் என்று 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011இல் 6.85 லட்சமாக இருந்த நிறுத்தங்கள் 2017இல் 12 ஆயிரத்துக்கும் கீழே வந்தன. அதே காலத்தில் கொலைகள் 500க்கு மேலிருந்து 300க்குக் கீழே இறங்கின. சோதனையைக் குறைத்ததால்தான் கொலை குறைந்தது என்று இதற்குப் பொருளில்லை. சோதனையைக் குறைத்தால் ஊர் கெட்டுவிடும் என்ற மிரட்டல் பொய் என்பது மட்டும் உறுதி.

தமிழ்நாட்டில் அப்படியொரு கணக்கே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வழக்குகளையும் கைதுகளையும் எண்ணுகிறது. நிறுத்தி, துழாவி, ஒன்றும் கிடைக்காமல் அனுப்பப்பட்டவர் எந்த ஏட்டிலும் இல்லை. இதற்கிடையே சோதனை பையிலிருந்து கைப்பேசிக்கும் நகர்ந்துவிட்டது. 2021 அக்டோபரில் ஹைதராபாத் தெருக்களில் போலீஸார் வழிப்போக்கர்களின் வாட்ஸ்அப்பில் ‘கஞ்சா’ என்ற சொல்லைத் தேடினர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

துப்பு கிடைத்து, காரணம் எழுதி, சாட்சி வைத்து நடக்கும் சோதனையை எதிர்க்க யாருக்கும் காரணமில்லை. கஞ்சா வழக்குகள் நீதிமன்றத்தில் நிற்பதும் சரக்கு அந்த வகையில் பிடிபடும்போதுதான். நிறுத்தப்படும் ஒவ்வொருவருக்கும் நேரம், இடம், காரணம், அதிகாரியின் பெயர் அடங்கிய சீட்டு தரப்பட வேண்டும். ஸ்டேஷன்தோறும் அதற்கொரு பதிவேடு இருக்க வேண்டும். மாதாமாதம் எண்ணிக்கை வெளியாக வேண்டும். நிறுத்திச் சோதித்ததற்கான பதிவின் நகலைக் கேட்கும் உரிமையை இங்கிலாந்து 1984ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தந்துவிட்டது. தமிழ்நாட்டில் இதைத் தொடங்கப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை, காவல்துறைத் தலைமை இயக்குநரின் ஒரு சுற்றறிக்கை போதும்.