வெளிச்சம் விழும் பொருளும் வெளிச்சம் விழாத விலையும்



இந்த மாதம் கடைக்குள் அசையும் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவோம். மின்குமிழைச் சொல்லவில்லை. படம் காட்டும் கருவியான புரொஜெக்டரைச் சொல்கின்றேன். அது கூரையில் இருந்தபடி ஒருமுறை தரையில், ஒருமுறை சுவரில், ஒருமுறை இறாக்கையில் அடுக்கிய பெட்டியின் மேல் என்று படத்தை மாற்றி மாற்றி விழுத்தும். அந்தப் படத்தைக் காட்டியே பொருளை விற்பார்கள். “இதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். அந்தக் கடைக்குள் போகும் காசு எங்களுடையது. அதுதான் சம்பந்தம்.

வெளிச்சத்தால் விளம்பரம் செய்வது புதிய விடயம் அல்ல. வெள்ளவத்தை சவோய், கொட்டாஞ்சேனை செல்லமஹால் என்று படம் பார்க்கப் போன காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். படமாளிகைகளில் படம் தொடங்க முன்னர் திரையில் ‘சிலைட்’ போடுவார்கள். புடவைக்கடை, நகைக்கடை, பல்பொடி என்று ஒவ்வொன்றாக வந்து போகும். அப்போது நாங்கள் கதிரையில் இருந்தோம். அது விளம்பரம் என்று தெரியும். வாங்குவதற்குப் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. வீடு போய்ச் சேர்ந்து, யோசித்து, தேவை என்றால் மட்டும் கடைக்குப் போவோம். விளம்பரத்துக்கும் வாங்குவதற்கும் இடையில் குறைந்தது ஒரு இரவாவது இருந்தது. அந்த ஒரு இரவைத்தான் இன்றைய வெளிச்சம் எடுத்துக்கொண்டுவிட்டது.

கருவி எப்படி வந்தது?

வெளிநாட்டுப் பெரிய கடைகள் முதலில் தொலைக்காட்சிப் பெட்டிகளைத்தான் மாட்டின. அமெரிக்காவின் வோல்மார்ட் 1998 இல் தன் கடைகளுக்குள் ஒரு தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. இங்கிலாந்தின் டெஸ்கோ 2004 இல் அதே வழியில் போனது. ஆனால் கடைக்குள் நடக்கும் பெண் மேலே பார்ப்பதில்லை. அவளுடைய கண் இறாக்கையில் இருக்கும், இடுப்பில் இருக்கும் பிள்ளையில் இருக்கும், கையில் இருக்கும் துண்டில் இருக்கும். கூரையில் தொங்கும் திரைக்கு அவளிடம் நேரம் இல்லை. அப்படியானால் அவள் பார்க்கும் இடத்துக்கே படத்தைக் கொண்டுபோக வேண்டும்.

இதற்கான கருவி ஒன்றை அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் கிளாடியோ பின்ஹானெஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்தார்கள். 2001 இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ‘எவ்ரிவேர் டிஸ்பிளேஸ்’ என்று பெயர் வைத்தார்கள். எங்கும் திரை என்பது அதன் பொருள். புரொஜெக்டருக்கு முன்னால் திரும்பக்கூடிய ஒரு கண்ணாடியை வைத்தார்கள். கணினி அந்தக் கண்ணாடியைத் திருப்பும். கண்ணாடி திரும்பும் பக்கம் படம் போய் விழும். சரிவாக விழுந்தால் படம் கோணலாகும் அல்லவா? அதையும் கணினி முன்கூட்டியே எதிர்ப்பக்கமாக வளைத்து அனுப்பும். எங்கள் கண்ணுக்குப் படம் நேராகவே தெரியும். பக்கத்தில் ஒரு கமராவும் உண்டு. மேசையில் விழுந்த படத்தை யாராவது விரலால் தொட்டால், அந்தக் கையை கமரா கண்டு கணினிக்குச் சொல்லும். இதைக் கடைக்குள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று 2003 இல் அதே ஆய்வாளர்கள் எழுதினார்கள். வேண்டிய பொருளைத் தெரிவு செய்தால், அது இருக்கும் பக்கத்தை வெளிச்சம் அம்புக்குறி போட்டுக் காட்டும்.

காலி வீதியில் நாம் காண்பவை பெரும்பாலும் மின்திரைகள்தான். சின்னம் வெட்டிய தகட்டினூடாக நிலத்தில் படம் விழுத்திச் சுழலும் சிறு விளக்குகளும் உலகெங்கும் விற்பனைக்கு இருக்கின்றன. கருவி எதுவானாலும் அதன் வேலை ஒன்றுதான். ஆயிரம் பொருட்களில் ஒன்றை மட்டும் உங்கள் கண்ணில் வைப்பது.

கண்ணின் பழக்கம்

எங்கள் கண்ணின் நடுப்பகுதி கூர்மையானது. எழுத்து வாசிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் அதனால்தான். ஓரப்பகுதிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அசைவு உடனே தெரியும். பாம்பு ஊர்ந்தாலும் பிள்ளை ஓடினாலும் முதலில் காண்பது ஓரக்கண்தான். அசைந்தவுடன் தலை தானாகத் திரும்பும். இது நாம் யோசித்துச் செய்வதல்ல. கடைக்காரர் அசையும் வெளிச்சத்துக்குச் செலவழிப்பது இந்தப் பழக்கத்தை நம்பித்தான்.

எங்களில் பலருக்கு இதில் இன்னொன்றும் உண்டு. இரவில் பரா வெளிச்சம் வானத்தில் தொங்கியதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடியவர்கள் நாங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கி, பொலிஸ் பதிவுக்கு நின்று, முகத்தில் டோர்ச் அடித்து அடையாள அட்டை கேட்கப்பட்டவர்களும் இருக்கிறோம். எதிர்பாராமல் காலடியில் வெளிச்சம் ஓடினால் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்யும். அது பைத்தியமும் அல்ல, பட்டிக்காட்டுத்தனமும் அல்ல. உடல் பழையதை மறக்கவில்லை, அவ்வளவுதான். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடம் நின்று மூச்சை ஆற விட்டு, பிறகு வாங்குங்கள். பதற்றத்தில் இருக்கும்போது விலை பார்க்க மனம் வராது. முடிந்தால் வெளியே வந்துவிட்டுத் திரும்பப் போனாலும் குற்றமில்லை.

வெளிச்சம் காட்டுவது என்ன, மறைப்பது என்ன?

புடவைக்கடையில் எங்கள் தாய்மார் செய்ததை நினைத்துப் பாருங்கள். சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். கடைக்குள் மாந்தளிர் நிறமாகத் தெரிந்தது வெளியே மண்ணிறமாகும். விளக்குக்கு விளக்கு நிறம் மாறும் என்று படிக்காமலே அறிந்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து நடை தூரத்தில் இருக்கும் செட்டியார் தெருவில் மஞ்சள் விளக்கின் கீழ் எந்த நகையும் மின்னும். ஆனால் 22 கரட் என்றால் நூற்றில் 91.6 பங்கு தங்கம் என்பதையும், செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்பதையும் அந்த விளக்கு சொல்லாது. பற்றுச்சீட்டில் எழுதியிருப்பதுதான் சொல்லும். நாளைக்கு அந்த நகையை அடகு வைக்கப் போகும்போது நிறுக்கப்படுவது மினுக்கம் அல்ல.

அசையும் படமும் இப்படித்தான். சிரிக்கும் பிள்ளையைக் காட்டும், நுரை பொங்குவதைக் காட்டும். நிறை, திகதி, விலை ஆகிய மூன்றும் அதில் பெரிதாக வராது. ஒரு கணக்கு பாருங்கள். வெளிச்சம் விழும் பொதி 180 கிராம், விலை 270 ரூபா என்று வைப்போம். கீழ்த்தட்டில் இருட்டில் இருப்பது 250 கிராம், விலை 325 ரூபா. பார்த்தவுடன் முதலாவது மலிவு போலத் தோன்றும். 100 கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் முதலாவது 150 ரூபா, இரண்டாவது 130 ரூபா. கைத்தொலைபேசியில் கணிப்பான் இருக்கின்றது. விலையை நிறையால் பிரித்து நூறால் பெருக்கினால் போதும்.

அந்த வெளிச்சத்துக்குக் காசு கொடுப்பது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். கண் மட்டத்தில் உள்ள தட்டுக்கும் வாசலருகே உள்ள இடத்துக்கும் பொருள் செய்யும் நிறுவனங்கள் கடைக்குப் பணம் கொடுப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். விளம்பரச் செலவு கடைசியில் விலைக்குள்தான் வந்து சேரும். ஆகவே வெளிச்சம் விழும் பொருள் நல்ல பொருள் என்று பொருளல்ல. அதற்குச் செலவழிக்க ஒருவர் இருக்கின்றார் என்பதே பொருள்.

முன்பு இந்த இடத்தில் ஒரு பெண் பிள்ளை நின்றாள். வடக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து, நாள் முழுக்க நின்றபடி பொருள் காட்டுகின்ற பிள்ளை. இன்றும் நிற்கின்றாள். அவளும் முதலாளி சொன்னதைத்தான் காட்டுவாள். ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்த்து, “அக்கா, இதைவிட அது மலிவு” என்று மெல்லச் சொல்லவும் அவளால் முடியும். கருவி அதைச் சொல்லாது. அவளிடம் கேளுங்கள். கேட்கும் முறையிலும் அன்பு இருக்கட்டும்.

2022 ஐ நாம் மறக்க முடியாது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை முந்தைய ஆண்டைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. மின்வெட்டில் கொழும்புக் கடைகளும் இருண்டன. அப்போது எல்லோரும் சதம் சதமாகக் கணக்குப் பார்த்தோம். அதற்கு முன் 1990 க்குப் பின்னரான ஆண்டுகளில், மின்சாரம் இல்லாத வடக்கில், ஜாம் போத்தலில் திரி போட்டு ஒரு துளி மண்ணெண்ணெயைப் பத்து நாள் நீட்டியவர்கள் நாங்கள். கணக்கு எங்களுக்குத் தெரியாதது அல்ல. வெளிச்சம் வந்ததும் அதைக் கைவிடாமல் இருந்தால் போதும். நுண்கடன் தவணைக்கு எடுத்து வைத்த காசு ஒரு மினுங்கும் பெட்டியில் போய்விட்டால், அடுத்த கிழமை வாசலில் வந்து நிற்பவருக்கு யார் பதில் சொல்வது?

சட்டம் தருவது

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எங்களுக்குச் சில உரிமைகளைத் தந்திருக்கின்றது. கடைக்காரர் விலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பொருளின் தரம், தன்மை பற்றிப் பொய்யாகவோ ஏமாற்றும் வகையிலோ சொல்லக் கூடாது. வாயால் சொன்னாலும் வெளிச்சத்தால் சொன்னாலும் பொய் பொய்தான். முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் அதிகார சபையுடன் பேசலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் போனால் முறைப்பாட்டை நிரூபிப்பது கடினமாகலாம். ஆகவே அதை அடுப்பில் போடாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள்.

கருவியில் கமராவும் உண்டு என்று சொன்னேன். பல கடைகளில் காசு கட்டும் இடத்தில் தொலைபேசி இலக்கமும் கேட்கிறார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படியான விபரங்களுக்காகவே இயற்றப்பட்டது. எதற்கு என்று கேளுங்கள். விருப்பமில்லை என்றால் கொடுக்காமல் விடுங்கள்.

விற்கும் சகோதரிகளுக்கு

எங்களில் பலர் வாங்குபவர்கள் மட்டுமல்ல. மிளகாய்த்தூள் இடிப்பவர்கள், ஒடியல் மா, பனங்கட்டி, ஊறுகாய் அனுப்புபவர்கள், பனையோலையில் பெட்டி பின்னுபவர்கள். வெள்ளவத்தைக் கடைகளில் யாழ்ப்பாணச் சாமான் தேடி வருபவர்கள் இன்றும் உண்டு. புரொஜெக்டர் வாங்க எங்களால் முடியாது. ஆனால் கண்ணின் பழக்கம் எல்லோருக்கும் பொது. கருமையான பனங்கட்டியை வெள்ளைத் துணியின் மேல் வையுங்கள். சந்தையில் மேசையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். எல்லாவற்றையும் பரப்பாமல் ஒன்றை மட்டும் முன்னுக்கு வையுங்கள். காற்றில் ஆடும் ஒரு சிறு ஓலைத் தோரணம், செலவில்லாத அசைவு. பொதியில் பெயர், நிறை, விலை, செய்த திகதி, முடிவுத் திகதி ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதுங்கள். பெரிய கம்பனி சிறிதாக எழுதுவதை நீங்கள் பெரிதாக எழுதினால் அதுவே உங்கள் விளம்பரம்.

கடைக்குப் பொருள் கொடுக்க முன்னர் மூன்று கேள்வி கேளுங்கள். காசு எப்போது கிடைக்கும்? விலைப்படாத பொருளின் நட்டம் யாருக்கு? தட்டில் இடம் வைப்பதற்கு ஏதும் கழிப்பார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு இந்த மாதம் ஆளுக்கு மூன்று பற்றுச்சீட்டுக் கொண்டு வாருங்கள். வீட்டிலிருந்து புறப்படும்போது நினைக்காத, கடைக்குள் போன பின்னர் வாங்கிய பொருட்களைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அவற்றின் விலையைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை பிள்ளையின் ஒரு மாத பஸ் காசாகவும் இருக்கலாம், கடன் தவணையில் ஒரு பங்காகவும் இருக்கலாம். எவ்வளவு என்று உங்கள் கையால் கூட்டிப் பார்த்த பின்னர் தீர்மானம் எடுங்கள்.