வெள்ளையும் கறுப்பும் ஒரே ஜாதி

மைசூர் மிருகக்காட்சி சாலையில் வெள்ளைப் புலி இருக்கும் இடத்தைவிட்டுக் கூட்டம் லேசில் நகர்வதில்லை. "இது எந்த நாட்டுப் புலி?" என்று கேட்கும் குழந்தையிடம் 'சைபீரியா' என்று அடித்துச் சொல்லும் அப்பாக்கள் உண்டு. பனிக்கு ஏற்ற நிறம் என்ற விளக்கமும் இலவசம். 1892-ல் பத்தாம் சாமராஜ உடையார் தொடங்கிய இந்தப் பூங்காவில் கடல் கடந்து வந்த விலங்குகள் நிறைய. எனவே அப்பாக்களை ரொம்பவும் குறை சொல்ல முடியாது.

ஆனால் வெள்ளைப் புலி சுத்தமான உள்நாட்டுச் சரக்கு. 1951 மே மாதம் ரேவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் காட்டில் பிடித்த 'மோகன்' என்ற குட்டிதான், உலகெங்கும் கூண்டுகளில் உள்ள வெள்ளைப் புலிகள் பலவற்றுக்கும் மூதாதை. தனி இனம் அல்ல; நிறம் மாறிய வங்கப் புலி. 'அல்பினோ'வும் அல்ல. அல்பினோ என்றால் கறுப்புச் சாயமே இருக்காது. இதற்கோ வரிகள் கருமையாகவே இருக்கின்றன, கண் நீலம். மஞ்சள் சாயத்தை மட்டும் தடுக்கும் ஒரே ஒரு மரபணு மாற்றம்தான் காரணம் என்று 2013-ல் சீன விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

வித்தியாசமான நிறத்தில் ஒரு விலங்கைப் பார்த்தால் முதலில் நிறத்தை மறந்துவிட வேண்டும். உடல்வாகு, தலை, வால், புள்ளி, வரி, இவைதான் அடையாளம். மைசூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் கபினிக் காட்டில் பயணிகளைத் தவம் கிடக்கவைத்த கருஞ்சிறுத்தை சாதாரணச் சிறுத்தைதான். வெயில் சாய்வாக விழும்போது கறுப்புக்குள் புள்ளிகள் தெரியும். கூண்டில் இருக்கும் கறுப்புப் பூனை, அமெரிக்கக் கண்டத்து ஜாகுவாராகவும் இருக்கலாம். புள்ளி வளையத்துக்குள்ளே குட்டிப் புள்ளிகள், பெரிய தலை, குட்டையான வால் இருந்தால் ஜாகுவார். புள்ளி போட்ட இரண்டு சிறுத்தைகளுக்குக் கறுப்புக் குட்டி பிறக்கலாம். ஜாகுவாரில் அப்பா அம்மாவில் ஒருவராவது கறுப்பாக இருந்தாக வேண்டும்.

வண்டலூரில் பிறந்த கறுப்புப் புலியின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதன் வரிகள் அகலமாகி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டதால்தான் கறுப்பு. இடையில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். இத்தகைய புலிகள் காட்டில் இருப்பது ஒடிசாவின் சிம்லிபாலில் மட்டுமே. வண்டலூர், நந்தன்கானன், ராஞ்சி பூங்காக்களில் பிறந்தவற்றின் வேரும் சிம்லிபாலுக்கே போகிறது என்பதை பெங்களூர் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தின் ஆய்வு 2021-ல் காட்டியது. சிம்லிபால் மற்ற புலிக் காடுகளிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறது. உள்ள சில புலிகள் சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்வதால் அபூர்வ நிறம் அங்கே சகஜமாகிவிட்டது.

ரேவா அரண்மனையில் இதையே மனிதர்கள் செய்தார்கள். சாதாரணப் பெண் புலியுடன் சேர்ந்தபோது மோகனுக்கு ஒரு வெள்ளைக் குட்டிகூடப் பிறக்கவில்லை. பிறகு அதன் மகள் ராதாவையே ஜோடியாக்கினார்கள். 1958-ல் நான்கு வெள்ளைக் குட்டிகள். அதன் பிறகு பல நாடுகளிலும் இதே முறைதான். வெள்ளை கிடைத்தது, கூடவே உறவுக்குள் இனப்பெருக்கம் செய்ததன் கோளாறுகளும் வந்தன. 'அழியும் இனத்தைக் காக்கிறோம்' என்ற சமாதானம் எடுபடவில்லை. காக்க அப்படி ஓர் இனமே இல்லையே! அமெரிக்க மிருகக்காட்சி சாலைகள் சங்கம் 2011-ல் தன் உறுப்பினர்கள் வெள்ளைப் புலிகளைத் திட்டமிட்டுப் பெருக்குவதைத் தடை செய்தது.

வெள்ளைப் புலி முன் நிற்பவர்கள் அது நேராகத் திரும்பும்வரை காத்திருந்து கண்ணைக் கவனிக்கலாம். பலவற்றுக்கு மாறுகண். அந்த நிறத்தோடு சேர்ந்தே வருவது அது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளே பாதை மாறிப் போயிருக்கின்றன.