தலைமை மாறினால் தொழில் பெருகுமா?

டென்மார்க்கின் ஓர் அரசு வீழ்ந்த வரலாற்றில் எமது குடும்பங்களுக்கும் இடமுண்டு. 1987 இல் அன்றைய நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்திற்குப் புறம்பாக முடக்கினார். மனைவியரும் பிள்ளைகளும் யுத்தத்தின் நடுவே காத்திருந்தனர். அதுபற்றிய விசாரணை அறிக்கை 1993 சனவரியில் வெளியானதும் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். சமூக சனநாயகக் கட்சியின் போல் நிரூப் ராஸ்முசன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

அவ்வேளையில் இந்நாட்டின் வேலையின்மை ஏறத்தாழ 12 வீதமாக இருந்தது. 2001 இல் அவர் தேர்தலில் தோற்றபோது அது 5 வீதமளவிற்குக் குறைந்திருந்தது. எனின், தலைமை மாறியதால் தொழில் பெருகியதா?

ஒரு பகுதி ஆம். புதிய அரசு தொடக்கத்திலேயே செலவைக் கூட்டி, வரியைச் சீரமைத்து, மக்கள் கையில் பணம் புழங்கச் செய்தது. 1994 இல் நடைமுறைக்கு வந்த தொழிற்சந்தைச் சீர்திருத்தம் வேலையற்றோர் கொடுப்பனவுக்கு ஏழாண்டு எல்லை வகுத்தது. அக்காலத்தினுள் பயிற்சியோ பணியோ பெறுவதை உரிமையாகவும் கடமையாகவும் ஆக்கியது. பின்னர் அவ்வெல்லை நான்காண்டாகச் சுருங்கியது.

மறுபகுதியையும் நாம் மறைத்தலாகாது. அக்காலத்தில் ஐரோப்பா எங்கும் வட்டி வீதம் இறங்கியது. கல்வி விடுப்பிலும் பிள்ளை வளர்ப்பு விடுப்பிலும் சென்ற பல்லாயிரம் பேர் வேலையற்றோர் கணக்கிலிருந்து நீங்கினர். 2008 இன் உலக நிதி நெருக்கடிக்குப் பின் வேலையின்மை மீண்டும் உயர்ந்தபோது, அதனைக் கொப்பன்ஹேகனில் இருந்த எந்தத் தலைவரும் தோற்றுவிக்கவில்லை. காற்றைத் தலைவர்கள் படைப்பதில்லை. பாயை எப்பக்கம் திருப்புவது என்பதையே அவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

அவ்வாறு திருப்பும்போது யார் நனைகிறார்கள் என்பதே எமக்குரிய வினா. 2002 இல் ஆனர்ஸ் ஃபோ ராஸ்முசனின் அரசு, கடந்த எட்டாண்டுகளில் ஏழாண்டுகள் இங்கு வாழாதோருக்கான உதவிப்பணத்தைப் பெருமளவு குறைத்தது. பணம் குறைந்தால் வேலை தேடுவர் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். ராக்வுல் அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் இதனைப் பின்னர் ஆராய்ந்தனர். தொடக்கத்தில் சிலர் வேலை பெற்றது உண்மையே. ஆயினும் அப்பயன் நிலைக்கவில்லை. வறுமை கூடியது, களவு முதலிய குற்றங்கள் கூடின, பெண்கள் பலர் தொழிற்சந்தையை விட்டே விலகினர். 2012 இல் நீக்கப்பட்ட இம்முறை 2015 இல் வேறு பெயருடன் திரும்பியது.

1994 உம் 2002 உம் நெருக்குதல் கொடுத்தவையே. ஆயினும் முன்னது நெருக்குதலோடு பயிற்சியையும் தந்தது. பின்னது அகதியின் சட்டைப்பையையே முதலில் குறிவைத்தது. ஒரு தலைமையை அளப்பதற்கு இவ்வேறுபாடு போதும்.

எம்மவர் யூலாந்தின் சிறு நகரங்களில் தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் உழைத்தே வேரூன்றினர். ஆசிரியராகவும் கணக்காளராகவும் வந்தவர்கள் பலர் தம் சான்றிதழ்களைப் பெட்டியில் பூட்டிவிட்டு இரவுப் பணிக்குச் சென்றனர். வேலை கிடைத்தவர் தொகையை மட்டும் எண்ணும் அரசு இவ்விழப்பை எண்ணுவதில்லை.

ஆகவே, வேலையின்மை குறைந்தது என்று எந்தத் தலைவர் பெருமை பேசினாலும் மூன்று வினாக்களை நாம் எழுப்ப வேண்டும். கணக்கிலிருந்து நீங்கியோர் எங்கு சென்றனர்? புதிதாய் வந்தவருக்கு மொழியும் பயிற்சியும் கிடைத்தனவா? கற்றவர் கற்ற தொழிலைச் செய்கின்றாரா? குடியுரிமை இல்லாதவரும் குறித்த காலம் இங்கு வாழ்ந்திருப்பின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். அகதியைத் தொழிலுக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பு கொம்யூனிடமே உள்ளது. வாக்குக் கேட்டு வருவோரிடம் இவ்வினாக்களைக் கேட்காது வாளாவிருந்தால், விடை எமக்காகப் பிறரால் எழுதப்படும்.