மீசை என்று கேலி வேண்டாம், கண்ட களிம்பும் வேண்டாம்



போன தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்துத் தங்கச்சியைக் கண்டேன். செம்பனைக்கு உரம் போடுகிறவள். முந்தானையால் தாடையை மூடி மூடிப் பேசினாள். கையில் ஒரு சின்ன டப்பா, விலை 25 வெள்ளியாம். “அக்கா, இதப் பூசுனா மீசை முடி கொட்டிரும்னு சொல்றாங்க, நெசமா?” என்று கேட்டாள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் பெயர் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

அவளை நான் குறை சொல்லமாட்டேன். “பொம்பளைக்கு மீசையா?” என்று சிரித்த வாய்கள்தாம் அவளைக் கடைக்கு விரட்டின. முதலில் மானம் போகிறது, அப்புறம் சம்பளம் போகிறது, கடைசியில் தோலும் போகிறது.

பதிவில்லாத முகக் களிம்புகளில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலியும், முடி இன்னும் கூடவே வளரும். அப்போது யாரிடம் போய் முறையிடுவது?

நிஜமான மருந்தே இல்லையா என்றால், உண்டு. எஃப்ளோர்நித்தின் என்ற களிம்பு. டாக்டர் எழுதிக் கொடுப்பது. அது முடியை உதிர்க்காது. வளர்கிற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தினம் இருவேளை பூச வேண்டும். பலன் தெரிய ஏறக்குறைய 8 வாரம் ஆகும். நிறுத்தினால் முடி பழையபடி வந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் ஆகாது.

இந்த மருந்துக்கு ஒரு கதை உண்டு. ஆப்பிரிக்க ஏழைகளைக் கொல்லும் தூக்க நோய்க்கு என்று 1990-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. லாபம் இல்லை என்று சில வருஷத்திலேயே அதைச் செய்வதை நிறுத்தினார்கள். 2000-இல் அதே மருந்து முகத்து முடிக்குக் களிம்பாக அனுமதி பெற்றது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் விடாமல் கேட்ட பிறகு, 2001-இல்தான் ஏழைகளுக்கு மறுபடி வழி பிறந்தது. வியாபாரி நம் பணப்பையைப் பார்ப்பான். நம் உடம்பை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான்: களிம்புக்கு முன்னே காரணத்தைத் தேடுங்கள். சிலருக்கு இது பரம்பரை, நோயே அல்ல. ஆனால் மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறதா? பருவும் எடையும் கூடுகிறதா? அது சினைப்பைக் கோளாறாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் பிள்ளைப்பேறு தாமதமாகலாம், நீரிழிவும் வரலாம். திடீரென்று முடி அடர்ந்து, குரலும் தடித்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருத்துவ விடுப்பு சட்டம் தந்த உரிமை. மண்டோர் முகம் சுளித்தால் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். மருந்து வாங்கினால் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள்.

அண்ணன்மாரே, மாமியார்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் கேலி நின்றால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. அந்தத் தங்கச்சி டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகிறேன் என்றாள். நீங்களும் போங்கள்.