தண்ணி நல்லா இருக்கா? பூச்சியைக் கேளுங்க!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றாலே கார், செல்போன் ஆலைகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகிறது. 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவுள்ள அந்த ஏரி, சென்னைக்குக் குடிநீர் தருகிறது.

வழியில் உள்ள ஓடைகள் நலமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? "தண்ணி தெளிவாத்தானே இருக்கு" என்பது போதாது. மீன் வாழ, லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். கழிவு கலந்தால், அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

ஆனால், பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். ராத்திரி யாராவது கழிவைத் திறந்துவிட்டால், காலையில் அது ஓடிப்போயிருக்கும். ஓடையின் அடியில் வாழும் பூச்சிகளோ வாரக்கணக்கில் அங்கேயே கிடப்பவை. மாசைத் தாங்காத மேஃபிளை பூச்சியின் இளம்பருவம் கிடைத்தால் நல்ல சேதி. சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் ஆக்சிஜன் பஞ்சம் என்று அர்த்தம். உடலில் உள்ள ஹீமோகுளோபின் அவற்றைக் காப்பாற்றிவிடுகிறது.

இந்த உயிரியல் சோதனைக்கான அளவுகோலும் வாரியத்திடம் உண்டு. மழைக்காலம் முடிந்து ஓடையில் நீர் ஓடும்போதே, தொழிற்பேட்டைக்கு மேலேயும் கீழேயும் வலை போட்டுப் பார்க்க வேண்டும். ரெண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஆண்டுதோறும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். குடிக்கப்போவது அவர்கள்தானே!